மூக்குக்கு அடியில் ஒரு பெஞ்சு

அந்த மலையில் யாரிடமாவது வழி கேட்டால் கிழக்கு, மேற்கு என்று பதில் வராது. "மூக்குக்கு மேலேயா, கீழேயா?" என்று திருப்பிக் கேட்பார்கள். மூக்கு என்பது ஒரு பாறை. முழுப் பெயர் கிழவன் மூக்கு. அடிவாரத்தில் புறப்படுகிற ஒரே ரோடு நாற்பத்து மூன்று வளைவு ஏறி, மூன்று மலைகளைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கத்து ஆற்றுப் பள்ளத்தில் போய் இறங்குகிறது. அதில் இருபத்தாறாவது வளைவில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பாறை ரோட்டின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் கீழே இருப்பவர்களை வாய்ஜாலக்காரர்கள் என்பார்கள். கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்பார்கள். பெண் கொடுக்கவும் எடுக்கவும் இரண்டு பக்கமும் நூறு தடவை யோசிக்கும்.

இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். மூக்குக்கு அடியில் யாரும் நிற்க மாட்டார்கள். பஸ் அங்கே வரும்போது டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவார். ஹாரன் கிடையாது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டு, அடுத்த வளைவு தாண்டித்தான் மீதியைச் சொல்வார்கள். பஞ்சர் ஆனால்கூட வெறும் ரிம்மில் உருட்டிக்கொண்டு போவார்களே தவிர நிறுத்த மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் இதைச் சாமி பயம் என்று நினைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிடுவதும் உண்டு. சாமியும் இல்லை, பூதமும் இல்லை. பாறையில் விரிசல் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த விரிசலைப் பார்த்துக்கொள்வது ரோடு கேங்கில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் பொறுப்பு. ஊர் அவளுக்கு வைத்த பெயர் கோட்டுக்காரி. பாறைக்கும் மலைக்கும் நடுவில் இருந்த வெடிப்பை எந்தக் காலத்திலோ சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த அடைப்புக்குக் குறுக்கே, மூன்று முழ நீளத்துக்கு, மட்டம் பார்த்து ஒரு சுண்ணாம்புக் கோடு. பாறை அசையாதவரைக்கும் கோடு நேராக இருக்கும். பாறை இறங்கினால் பாறைப் பக்கத்துப் பாதிக் கோடும் கூடவே இறங்கும். அரை விரல் இறங்கினால் ஓவர்சியரிடம் சொல்ல வேண்டும். ஒரு விரல் இறங்கினால் யாரையும் கேட்க வேண்டாம், ரோட்டை அடைத்துவிட வேண்டும். மெஷின் வைக்கப்போகிறோம் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்தபாடில்லை. கோட்டுக்காரியும் சுண்ணாம்பும்தான் மெஷின்.

இதில் ஒரே ஒரு சட்டம். போட்ட கோட்டைத் திரும்பத் தொடக் கூடாது. மங்கிப்போனால் பக்கத்தில் இன்னொன்று போடலாம். பழைய கோட்டின் மேல் பிரஷ் பட்டால் அத்தனை நாள் கணக்கும் போச்சு. கேங்கில் நேற்றுச் சேர்ந்த ஆளுக்கும் இது தெரியும்.

கோட்டுக்காரி, தன் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று அந்தப் பக்கத்து ஆற்றுப் பள்ளத்துக்குப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அவள் பார்த்தபோது கோடு அரை விரல் விலகியிருந்தது. ஓவர்சியரிடம் சொன்னாள். "நோட்டுல எழுதிக்கிறேன், நீ நிம்மதியா போயிட்டு வா" என்றார் அவர். தினமும் ஒரு தடவை ஏறிப் பார்க்கும்படி தன் புருஷனிடமும் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவனும் அதே கேங்குதான்.

அவள் புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் 'சரிங்க'. யார் என்ன சொன்னாலும் அவன் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை அதுதான். மண் அள்ளு என்றால் சரிங்க. அள்ளிய மண்ணைத் திரும்பக் கொட்டு என்றாலும் சரிங்க. கெட்ட மனுஷன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், கிடைத்த மிட்டாயை மகளுக்கு மடித்து வைப்பான். ஆனால் முதுகெலும்பு என்கிற சாமானை எங்கேயோ அடகு வைத்துவிட்டு வந்தவன் என்று கோட்டுக்காரியே பல தடவை சொல்லியிருக்கிறாள். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. இந்த வருஷம் நிரந்தரம் ஆகிறவர்கள் லிஸ்டில் அவன் பெயர் இருந்தது.

மத்தியானம் மூன்று மணி பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். கேங் ஆட்களுக்கான வரிசை வீடுகள் முப்பதாவது வளைவில், மூக்குக்கு மேலே இருந்தன. வெளியே வெயில் போய், மலை உச்சிகளில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் மகள் தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஆறாவது படிக்கிறவள். அன்றைக்கு வியாழக்கிழமை.

"என்னடி, ஸ்கூல் இல்லையா?"

"இருக்கு. அப்பாதான் போக வேணாம்னாரு."

"இன்னைக்கா?"

"செவ்வாய்க்கிழமையிலேருந்து. வயித்துவலின்னு லெட்டர் எழுதிக் குடுத்தாரு. எனக்கு வயிறே வலிக்கலைம்மா."

"எதுக்குன்னு கேக்கலையா நீ?"

"கேட்டேன். சும்மா இருடின்னாரு. அப்பா என்னை 'டி' போட்டுப் பேசினதே இல்லை."

கோட்டுக்காரி பையைக் கீழே வைத்தவள், முகம்கூடக் கழுவாமல் நின்றாள். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் மகளை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அது வளைவு திரும்புகிற வரைக்கும் பார்த்துவிட்டு வருகிறவன் அவன். தான் படிக்காததற்கு மகள்தான் பழி தீர்க்கப்போகிறாள் என்று பேசுகிறவன். அவன் ஏன் மூன்று நாள் லீவு போடச் சொன்னான்?

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். அவளும் கேங்கில் கல் சுமக்கிறவள். பெயர் வானொலி. காலைச் செய்தி, மாலைச் செய்தி, நடுவில் விசேஷச் செய்தி எல்லாம் அவளிடம் கிடைக்கும்.

"வந்துட்டியா? அக்காவுக்குக் கண்ணு எப்படி இருக்கு? கட்டுப் பிரிச்சாச்சா? சரி சரி, உக்காரு. நீ இல்லாத நாலு நாள்ல இங்க என்னென்ன நடந்து போச்சு தெரியுமா? நாளைக்குப் பெரிய இன்ஜினியர் வர்றாரு. மூக்குக்கு அடியில பெஞ்சு போட்டுருக்காங்க."

"என்னது?"

"பெஞ்சு. சிமெண்ட் பெஞ்சு. டூரிஸ்டு வந்து உக்காந்து போட்டோ எடுக்கவாம். பெரிய போர்டு வேற, 'இயற்கை அழகை இங்கிருந்து ரசியுங்கள்'னு. எங்க உக்காந்து ரசிக்கச் சொல்றான் பாரு. போட்ட எவனும் அதுல ஒரு தடவைகூட உக்காந்து பாக்கலை. நான் கேட்டேன், 'ஏன்யா, சிமெண்ட் காயலையா'ன்னு. ஓவர்சியர் முறைக்கிறாரு."

"மெதுவாகச் செல்லவும் போர்டு வச்சிருந்தேனே?"

"அதை எடுத்தாச்சு. அது போட்டோவுல வந்தா நல்லாருக்காதாம். மூணு நாளா வெள்ளையடிக்கிறதுதான் வேலை. ஓரக்கல்லு, தடுப்புச் சுவரு, மரத்துத் தூரு, எது நகராம நின்னுச்சோ அதுக்கெல்லாம் வெள்ளை. உன் வீட்டுக்காரரு மட்டும் ரெண்டு வாளி காலி பண்ணினாரு."

கோட்டுக்காரி அதற்குமேல் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "அடியே, டீயாவது குடிச்சுட்டுப் போ" என்று வானொலி பின்னால் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

நாலு வளைவு இறக்கம். குறுக்குப் பாதையில் போனால் கால் மணி நேரம். மூக்கு இருக்கிற இடமே அடையாளம் தெரியவில்லை. ரோட்டு ஓரக் கற்களெல்லாம் பளபளவென்று வெள்ளை. போர்டில் நீலத்தில் ஒரு மலை, அதற்குப் பின்னால் மஞ்சளில் ஒரு சூரியன். பாறைக்கு நேர் கீழே, சரியாக நடு மூக்குக்கு அடியில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அந்தப் பெஞ்சு.  எந்த மடையன் இடம் குறித்துக் கொடுத்தான் என்று வாய்விட்டே கேட்டாள்.

மலையில் வெட்டியிருந்த ஐந்து படியில் ஏறி, கோட்டுக்கு முன்னால் போய் நின்றாள். கோடு நேராக இருந்தது. அரை விரல் விலகின கோடு, நூல் பிடித்தது போல நேராக, புத்தம் புதுசாக இருந்தது. அவள் கை வைத்துப் பார்த்தாள். சுண்ணாம்பு உள்ளங்கையில் ஒட்டியது. கோட்டைச் சுற்றிப் பாறை மட்டும் சுரண்டின நிறத்தில் இருந்தது. கம்பி பிரஷ் போட்டுப் பழையதை வழித்து எடுத்துவிட்டு மேலே புதிதாக இழுத்திருக்கிறார்கள். அடைப்பின் மேல் வருகிற இடத்தில் அந்தப் புதுக் கோட்டிலும் முடியளவுக்கு ஒரு கீறல் அதற்குள்ளேயே விழுந்திருந்தது.

திரும்பி மேலே ஏறும்போது முதல் தூறல் விழுந்தது. அவளுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. வயிற்றுவலி லெட்டரும் விளங்கிவிட்டது. கோபத்தில் அவளுக்குப் படிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு இடத்தில் தடுக்கினாள்.

'சரிங்க' வீட்டுக்கு வந்திருந்தான். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பெண்டாட்டி வருகிறாள் என்று அவனே சமைத்திருந்தான். மகளை வானொலி வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

"அக்காவுக்கு எப்படி இருக்கு?" என்று அவன் ஆரம்பித்தான்.

"எத்தனை விரல் இருந்துச்சு?"

"என்ன எத்தனை விரல்?"

"என்கிட்ட நடிக்காதீங்க. பிரஷ் போட்டு வழிக்கிறதுக்கு முன்னாடி கோடு எத்தனை விரல் இறங்கியிருந்துச்சு?"

அவன் கரண்டியை எடுத்தான், வைத்தான். நகக்கண்ணில் சுண்ணாம்பு இருந்தது.

"ஓவர்சியர்தான் சொன்னாரு. இன்ஜினியர் வரும்போது கோணல் மாணலா இருந்தா நல்லாருக்காது, அழிச்சுட்டு ஒழுங்கா போடுன்னாரு. நான் சொன்னேன், அதைத் தொடக் கூடாதுங்கன்னு."

"சொன்னீங்க. அப்புறம்?"

"அப்புறம் அவரு, லிஸ்டு திங்கக்கிழமை மேல போகுது, உன் பேரை அதுல வைக்கலாமா வேணாமான்னு கேட்டாரு."

"நீங்க சரிங்கன்னீங்க."

அவன் குழம்பைக் கிளறினான்.

"எத்தனை விரல்?"

"ரெண்டு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு விரலுக்கே ரோட்டை அடைக்க வேண்டும். இரண்டு விரல் என்றால் அந்தப் பாறை மலையை விட்டுவிட்டது என்று அர்த்தம். அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, வழித்து எடுத்துவிட்டு, மேலே அழகாகக் கோடும் இழுத்துவிட்டு வந்து உருளைக்கிழங்குக் குழம்பு வைக்கிறான் இந்த மனுஷன்.

"அதனாலதான் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பலை."

"பயமா இருந்துச்சு."

"யாருக்கு? உன் பிள்ளைக்கு மட்டும்தானே?"

கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான். இரண்டு பேருக்குமே அது காதில் விழுந்தது. அவள் திருத்திக்கொள்ளவில்லை.

"அந்த பஸ்ல முப்பத்தியொரு பிள்ளைங்க போகுது. வானொலியோட பேரன் போறான். பால்காரர் பொண்ணு போகுது, உன் மக கூட ஒரே பெஞ்சுல உக்கார்றவ. நம்ம வீட்டுல எத்தனை தடவை சோறு சாப்பிட்டிருக்கும் அது? காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அந்தப் பாறைக்குக் கீழ போயிட்டு வருது. நீ ரோட்டு ஓரத்துல கல்லுக்கு வெள்ளை அடிச்சுக்கிட்டு அதைப் பாத்துட்டு நிக்கிற. எப்படி நின்ன? எனக்குச் சொல்லேன், எப்படி உன்னால நிக்க முடிஞ்சுது?"

"ஒவ்வொரு தடவையும் உசிரைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்."

"உன் உசிரைப் புடிச்சு என்ன பண்றது?"

"நாளைக்கு ஒரு நாள்தான். இன்ஜினியர் வந்துட்டுப் போயிட்டா, சனிக்கிழமை நானே ஓவர்சியர்கிட்ட சொல்லி ரோட்டை அடைச்சுடலாம்னு இருந்தேன். சத்தியமா."

"மழை பெய்யுது, கேக்குதா? பாறைக்கு உன் சனிக்கிழமையெல்லாம் தெரியுமா?"

"பதினோரு வருஷம்..." என்றான் அவன். அவன் குரல் உடைந்தது. "பதினோரு வருஷமா இந்த ரோட்டுல கிடக்கேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் பேரு ஒரு காகிதத்துல வருது."

அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவமே அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அழுகிறவனை எத்தனை நேரம் திட்டுவது? திட்டாமல் எப்படி விடுவது? குழம்பை இறக்கி வைத்தாள். மகளைக் கூப்பிட்டு அவளுக்கு மட்டும் சோறு போட்டாள்.

"நாளைக்கு இன்ஜினியர் முன்னாடி நீங்களே சொல்லிடணும்" என்றாள் கடைசியில். "நான் சொன்னா பொம்பளை உளறுறான்னு போயிடுவாங்க. வழிச்ச கை உங்க கை. நீங்க சொன்னாதான் எடுபடும்."

அவன் சரிங்க என்று சொல்லவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. ரோடெல்லாம் மண்ணும் இலையுமாகக் கிடந்தது. அவள் விடிந்ததுமே கேங் கொட்டகைக்குப் போய்விட்டாள். ஓவர்சியர் இஸ்திரி போட்ட சட்டையில், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, ஆட்களுக்குப் புது மஞ்சள் மேலங்கி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா, வா. அக்காவுக்குக் கண்ணு நல்லாயிடுச்சா?"

"ரோட்டை அடைக்கணும் சார். பாறை இறங்கியிருக்கு."

"யாரு சொன்னா? கோடு நேரா இருக்கு பாரு."

"புதுசாப் போட்ட கோடு நேராத்தான் சார் இருக்கும். அதுலயும் கீறல் விழுந்தாச்சு."

"சுண்ணாம்பு காஞ்சா கீறத்தான் செய்யும். உன் வீட்டுச் சுவத்துல கீறலே இல்லையா?"

"ரெண்டு விரல் இறங்கியிருந்துச்சாமே சார்?"

ஓவர்சியர் மேலங்கி கொடுப்பதை நிறுத்தினார். சுற்றிலும் பார்த்தார். 'சரிங்க' தலையைக் குனிந்துகொண்டு வாளியைக் கழுவிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே கழுவின வாளி.

"யாரும்மா உனக்கு அப்படிச் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டார் அவர். "பேரைச் சொல்லு. கோட்டை அழிச்சவன் யாருன்னு எனக்கும் தெரியணும்ல? அது பெரிய குத்தம். வேலை போயிடும், கேசு வரும். நோட்டுல நான் தினமும் 'மாற்றம் இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கேன். கையெழுத்து யாருதுன்னு பாக்கறியா?"

அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். அவளுக்கு அந்த இடத்திலேயே இரண்டு பேரையும் சேர்த்து அடித்தால் என்ன என்று இருந்தது. ஒருத்தரைச் செய்யச் சொன்னதற்கு, இன்னொருத்தனைச் செய்ததற்கு. கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"கொடியை வச்சுட்டுப் போம்மா" என்றார் ஓவர்சியர்.

"வந்து புடுங்கிக்கோங்க."

எட்டரை மணிக்கு ஸ்கூல் பஸ் மேலேயிருந்து வந்தது. பாறைக்கு ஐம்பது அடி முன்னால் அவள் ரோட்டு நடுவில் கொடியோடு நின்றாள். டிரைவர் அனுபவஸ்தர், கீழ்ப்பக்கத்து ஆள், ஹாரன் அடிக்காமல் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

"என்னம்மா, ஒரு விரல் இறங்கிருச்சா?"

"ரெண்டு விரல்ண்ணே. அழிச்சுப் போட்டிருக்காங்க."

அவர் பாறையைப் பார்த்தார், புதுக் கோட்டைப் பார்த்தார், இன்ஜினை அணைத்தார். "நீ சொன்னா எனக்குப் போதும். ஆனா இவங்க அனுப்புன்னா நான் என்ன பண்ணட்டும்? ஸ்கூல்லேருந்து போன் போட்டுக் கத்துவாங்க."

அதற்குள் கீழேயிருந்து ஜீப் வந்துவிட்டது. அது பாறையைத் தாண்டி வராமல் அந்தப் பக்கமே நின்றது. பெரிய இன்ஜினியர் இறங்கினார். நல்ல உயரம், கறுப்புக் கண்ணாடி, கையில் மடித்த காகிதம். கூட ஒரு போட்டோக்காரர். ஓவர்சியர் ஓடிப்போய் வணக்கம் வைத்தார். கேங் ஆட்கள் மஞ்சள் மேலங்கியோடு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையும் பாறைக்குக் கீழே வராமல் தள்ளித்தான் நின்றது.

"யாரு அது? பஸ்ஸை ஏன் நிறுத்தியிருக்கா?"

"கொஞ்சம் மனசு சரியில்லாத பொம்பளை சார்" என்றார் ஓவர்சியர். "வீட்டுல புருஷன்கூடச் சண்டை. இதோ அனுப்பிடறேன்."

"மனசெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு" என்று அவள் இங்கிருந்தே சொன்னாள். "பாறை மலையை விட்டுடுச்சு. கோட்டை அழிச்சுட்டுப் புதுசு போட்டிருக்காங்க."

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினார். "அழிச்சதா? யார் அழிச்சது?"

 கோட்டுக்காரி தன் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோட்டைப் பாத்து நோட்டுல கையெழுத்துப் போட்டது நீதானே?" என்று இன்ஜினியர் வரிசையில் நின்ற அவனிடம் கேட்டார். நோட்டில் அவன் போட்ட கையெழுத்தை ஓவர்சியர் அதற்குள் காட்டியிருந்தார். "நீ சொல்லு. கோட்டுல மாற்றம் இருந்துச்சா?"

அவன் நிமிரவில்லை. "இல்லீங்க."

"கேட்டியாம்மா? வழியை விடு."

அவளுக்கு அழுகை வரவில்லை. காது மட்டும் சுட்டது. கொடியைக் கீழே போட்டுவிட்டு நடந்தாள். எல்லோரும் அவள் வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் நேராக மூக்குக்கு அடியில் போய், அந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்குள் பிள்ளைகள் சத்தம் நின்றுபோனது.

"வாங்க சார்" என்றாள். "உங்களுக்குத்தானே போட்டிருக்கு. வந்து உக்காருங்க, போட்டோ எடுக்கட்டும்."

இன்ஜினியர் ஓவர்சியரைப் பார்த்தார். "போய் எழுப்புங்க அவளை."

"நான்... நீங்களே சொன்னா கேப்பா சார்." ஓவர்சியர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இஸ்திரிச் சட்டை அக்குளில் நனைந்திருந்தது.

"ஓவர்சியர் சார் வரட்டும். கோடு நேரா இருக்குன்னவரு அவருதான். வாங்க சார், இடம் தாராளமா இருக்கு" என்றாள் அவள். பிறகு வரிசையைப் பார்த்தாள். "நீங்களும் வாங்க. மாற்றம் இல்லைன்னீங்கள்ல? வந்து பக்கத்துல உக்காருங்க. பதிமூணு வருஷம் கூட இருந்தாச்சு, இங்க உக்கார என்ன?"

'சரிங்க'வின் உதடு அசைந்தது. கால் அசையவில்லை.

ஜீப் டிரைவர் நகரத்துப் பையன். இந்தக் கூத்து சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று நினைத்தானோ என்னவோ, ஹாரனை ஒரே அழுத்தாக அழுத்தினான். அந்தச் சத்தம் பாறையில் மோதிப் பள்ளத்தாக்கு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. அடைப்பிலிருந்து ஒரு பிடி ஈர மண் கழன்று பெஞ்சின் மேல் பொத்தென்று விழுந்தது. பின்னாலேயே கூழாங்கல் அளவில் இரண்டு கல் விழுந்தன.

'சரிங்க' ஓடினான். கையால் தலையைப் பொத்திக்கொண்டு, இடுப்பை வளைத்துக்கொண்டு, வாயில் என்ன வருகிறது என்று தெரியாமல் கத்திக்கொண்டு ஓடினான். பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கித் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், பஸ்ஸின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் அவளோடு சேர்ந்து விழுந்தான்.

மேற்கொண்டு எதுவும் விழவில்லை. பாறை நின்ற இடத்திலேயே நின்றது. இன்ஜினியர் தன்னையறியாமல் ஜீப்புக்குப் பின்னால் போயிருந்தார். அங்கே அவருக்கு முன்பாகவே ஓவர்சியர் போய் நின்றுகொண்டிருந்தார். இன்ஜினியர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏம்ப்பா. மாற்றம் இல்லைன்னா எதுக்கு அப்படி ஓடினே?"

அவனுக்கு மூச்சு வாங்கியது. முட்டி உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு விரல் இறங்கியிருந்துச்சுங்க. நான்தான் வழிச்சேன். நான்தான் புதுசு போட்டேன்."

"நான் சொல்லவே இல்லை சார்" என்றார் ஓவர்சியர்.

"நீங்க சொன்னீங்க. நான் சரிங்கன்னேன்." அவன் எழுந்து நின்றான். பேச ஆரம்பித்ததும் அவனால் நிறுத்த முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை எத்தனை மணிக்கு, எந்த பிரஷ்ஷால், பக்கத்தில் யார் நின்றது, லிஸ்டைப் பற்றி என்ன பேச்சு நடந்தது, நோட்டில் எத்தனை நாள் கையெழுத்தைச் சேர்த்து ஒரே சமயத்தில் வாங்கினார் என்று எல்லாவற்றையும் கொட்டினான். அந்தக் கேங்கில் அவன் இத்தனை வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. வானொலிகூட வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

ரோட்டை அடைக்கச் சொல்லி இன்ஜினியர் கத்தினார். கேங் ஆட்கள் தார் டிரம்களை உருட்டிக்கொண்டு ஓடினார்கள். ஜீப் டிரைவர் ஹாரனைத் தொடாமல் பின்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

கோட்டுக்காரி புடவையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவளுக்குக் கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. உசிரைக் காப்பாற்றினவன் என்று அவனைப் பார்க்கவும் மனசு வரவில்லை.

"சொல்லிட்டேன்ல" என்றான் அவன், தாழ்ந்த குரலில். "வேலை போனா போகட்டும். சொல்லிட்டேன்."

"செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கணும். மூணு நாள். ஆறு தடவை இந்த பஸ் கீழ போயிட்டு வந்திருக்கு."

 ஸ்கூல் பஸ் திரும்ப இடமில்லை. அடுத்த வளைவு வரைக்கும் பின்னாலேயே ஏற்ற வேண்டும். டிரைவர் இன்ஜினைக் கிளப்பி, "ஒரு ஆளு பின்னாடி நின்னு பாத்துச் சொல்லுங்கப்பா" என்றார். 'சரிங்க' போகலாம் என்று பஸ்ஸின் ஓரமாக நடந்தான். ஜன்னல்களில் பிள்ளைகள் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஜன்னலில் பால்காரர் பொண்ணு.

"மாமா, அவளுக்கு வயித்துவலி சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். "மூணு நாளா அவ இடத்தை நான் யாருக்கும் குடுக்காம புடிச்சு வச்சிருக்கேன்."

அவன் அப்படியே நின்றான். திரும்பித் தன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?" என்றாள் அவள். "பிள்ளை உங்களைத்தானே கேக்குது. பதில் சொல்லுங்க."